எல்லாமே கல்ட் என்றால் யாருக்கு லாபம்?

படித்த இளைஞர்கள் நடுவே ஒரு பேச்சு சில ஆண்டுகளாக வேர்பிடித்துவிட்டது. நாம் வாழும் இந்த நவீன சமூகமே ஒரு பெரிய கல்ட் என்கிறார்கள். சாமியார் மடத்தில் போய் விழுந்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லையாம். மூன்று வயதில் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். மார்க்கைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். பிறகு வேலை, இஎம்ஐ, கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிப்போடுகிறார்கள். யோசிக்க நேரம் கிடைத்துவிடாமல் கையில் ஒரு போனைக் கொடுத்துவிடுகிறார்கள். இதைச் சிதம்பரம் தெற்கு வீதி டீக்கடையிலும் கேட்கலாம், கடலூர் சில்வர் பீச் மணலிலும் கேட்கலாம். சிஸ்டம், மூளைச்சலவை, மேட்ரிக்ஸ் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு யூடியூபில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டமும் இருக்கிறது.

இந்தக் கருத்து தவறு என்று நினைக்கிறேன். அதிலும் கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது பொறுப்பற்ற செயல் என்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சமூகம் நம்மைக் கட்டுப்படுத்தவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கட்டுப்பாடு இல்லாத மனிதக் கூட்டம் எங்கும் இருந்ததில்லை. பேசுகிற மொழியிலிருந்து யார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரலாம் என்பது வரை நமக்கு யாரோ பழக்கிக் கொடுத்ததுதான். பழக்குவது வேறு, பிடித்து வைப்பது வேறு. ஒரு கூட்டம் எப்படிப்பட்டது என்பது, “நான் போகிறேன்” என்று ஒருவர் எழுந்து நிற்கும் நேரத்தில்தான் தெரியவரும். தென் அமெரிக்காவின் கயானா காட்டில் ஜிம் ஜோன்ஸ் என்ற கல்ட் தலைவர் அமைத்திருந்த குடியிருப்பில், வந்து சேர்ந்தவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 1978 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் அங்கே பார்வையிடப் போனார். சிலர் அவரோடு ஊர் திரும்பக் கிளம்பினார்கள். விமானம் ஏறும் இடத்திலேயே அவர்களைச் சுட்டார்கள். ரயனும் இறந்தார். அன்றைக்கே 900-க்கும் மேற்பட்டோர் விஷத்தால் மாண்டார்கள். அதில் குழந்தைகள் பலர்.

கல்ட் பேச்சுக்காரர்கள் ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்ததை அனுபவித்துவிட்டு ஹாங்காங் வந்து சேர்ந்தவர்களில் 40 பேரிடம் பேசி, 1961-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மனத்தை மொத்தமாகப் பிடித்து வைக்கும் இடங்களுக்கு எட்டு அடையாளங்களை அதில் வரிசைப்படுத்தினார். வெளிச்செய்தியை அடைப்பது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது, உள்ளே இருப்பவருக்கே வாழ உரிமை என்று பிரிப்பது போன்றவை அவை. அந்த எட்டையும் எடுத்து ஐடி கம்பெனிக்கும் பொருத்துகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் பொருத்துகிறார்கள், குடும்பத்துக்கும் பொருத்துகிறார்கள். எல்லா இடத்திலும் பொருந்துகிறது என்று வெற்றிக்குரல் எழுப்புகிறார்கள். லிஃப்டன் அதை எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று அளந்து பார்க்கத்தான் வைத்தார். எதை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசை எந்த மளிகைக்கடைக்காரரும் கடையில் வைத்திருக்க மாட்டார்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் பக்கத்தில் குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டை என்று ஓர் ஊர். முருகேசன் தலித் குடும்பத்துப் பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர் குடும்பத்துப் பெண். அதே பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தவர். கண்ணகியின் தந்தை அப்போது ஊராட்சி மன்றத் தலைவர். 2003 மே 5 அன்று இருவரும் கடலூரில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். யாருக்கும் தெரியாமல் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். பிறகு முருகேசன் கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் பொறுப்பில் விட்டு வைத்தார். கண்ணகி வீட்டார் முருகேசனைப் பிடித்தார்கள். மூங்கில்துறைப்பட்டுக்கு ஆள் போய்க் கண்ணகியையும் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 காலை, ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்துவிட்டார்கள்.

இந்தக் கொலையை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். நவீன சமூகம் என்று எதையெல்லாம் கல்ட் பேச்சுக்காரர்கள் திட்டுகிறார்களோ, அதெல்லாம் இதில் யார் பக்கம் நின்றது? ஊரில் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்கவே யோசிக்க வேண்டிய இருவர், ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்களாக இருக்க முடிந்தது. அது அவர்கள் திட்டும் கல்வி. முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா, சாதி என்ன, அப்பா சம்மதித்தாரா என்று பார்க்காமல் இருவர் பெயரையும் ஒரே பதிவேட்டில் எழுதினார். அது அவர்கள் திட்டும் அரசாங்கம். இருவரையும் கொன்றது எது? பாட்டன் பூட்டன் காலத்துச் சொந்தம், நம்ம ஊர், நம்ம சனம், நம்ம மானம். நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பது இந்தச் சொந்தம்தான். அதனால்தான் அதை மீறிப் போவது அவ்வளவு கடினம். லிஃப்டனின் எட்டு அடையாளங்களும் முழு எடையோடு வந்து நிற்கும் இடம் இது. இதையும் சொமாட்டோ விளம்பரத்தையும் ஒரே பெயரால் அழைப்பவருக்குப் புதுக்கூரைப்பேட்டையில் என்ன நடந்தது என்று புரியவில்லை என்றே சொல்வேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். காவல்துறையும் நவீன அரசுதானே, அது என்ன செய்தது? கேவலமாக நடந்துகொண்டது. புகாரை நாள்கணக்கில் இழுத்தடித்தது. இரு தரப்பும் சேர்ந்து செய்த கொலை என்று கதை கட்டி, முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. இதை மூடி மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அந்தக் காவலர்கள் அன்று சட்டத்தின்படி நடந்ததால் அப்படிச் செய்தார்களா, சட்டத்தை விட்டுவிட்டு ஊரின் பக்கம் சாய்ந்ததால் அப்படிச் செய்தார்களா? வழக்கு 2004-இல் சிபிஐ கைக்குப் போனது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். அப்படியும் 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். தண்டனை பெற்றவர்களில் அன்றைய காவல்துறை அதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. முதல் தீர்ப்புக்கே 18 ஆண்டுகள் ஆனது வெட்கக்கேடு. ஆனால் ஊர் தீர்த்துவிட்ட ஒரு கணக்கை மறுபடி எடுத்து, ஊர் தப்பு செய்தது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. காவல்துறை செய்தது குற்றம் என்று அதே அரசின் இன்னொரு உறுப்பு சொல்ல முடிந்தது. எந்தக் கல்ட்டில் மேல்முறையீடு உண்டு?

கடலோரத்து மீனவர் ஊர்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே போனால் ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொருளைச் சண்டையில்லாமல் வீடுவீடாகப் பங்கிட்டதில் அந்தப் பஞ்சாயத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே பஞ்சாயத்து ஒரு குடும்பத்தைத் தள்ளி வைக்கவும் செய்யும். தள்ளி வைத்தால் கடலுக்குப் போக முடியாது, கடையில் சாமான் கிடைக்காது, வீட்டில் சாவு விழுந்தால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். ஒரே அமைப்பு ஒரு நாள் காப்பாற்றுகிறது, இன்னொரு நாள் நெரிக்கிறது. எந்த நாள் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். “சமூகமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டால், பிரிக்கும் வேலையும் முடிந்தது, தள்ளி வைக்கப்பட்ட குடும்பத்தின் வழக்கும் முடிந்தது.

என் வாதத்துக்குக் கடினமான இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. அது குழுக்கடன்.

புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர்களில் காலை ஏழு மணிக்கு யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மடியில் கடன் அட்டை, கையில் மடித்த ரூபாய்த் தாள்கள். வசூலுக்கு வரும் பையன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து பெயர் கூப்பிடுவான். சில நிறுவனங்களில் முதலில் எல்லோரும் எழுந்து உறுதிமொழி சொல்ல வேண்டும். தவணையைத் தவறாமல் கட்டுவேன், குழுவில் யாரும் கட்டாவிட்டால் உதவுவேன் என்று அது போகும். ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்ற யாரும் எழுந்து போக முடியாது. அடுப்பில் வைத்த உலை கிடக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும், நூறுநாள் வேலைக்கு நேரமாகிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டு என்பான், அல்லது அவள் வீட்டு வாசலில் போய் உட்காருங்கள் என்பான். கடன் கொடுத்தவன் வையாத வசவை அக்கா தங்கை என்று பழகியவர்கள் வைவார்கள். நகையோ நிலமோ இல்லாத பெண்ணிடம் அவமானத்தையே அடமானமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இது கல்ட்டின் பக்கத்தில் வருகிறதா? வருகிறது. உறுதிமொழி, கூட்டம், ஒருவரை ஒருவர் கண்காணிப்பது, வெளியேற முடியாமை என்று எல்லாமே இருக்கிறது. நவீன நிதி நிறுவனம் ஊர்க்கட்டுப்பாட்டின் பழைய வித்தையைக் கற்றுக்கொண்டு லாபம் பார்க்கும் இடம் இது. இதில் கல்ட் பேச்சுக்காரர்கள் என்னோடு சேர்ந்து கோபப்படலாம். ஆனால் இதற்கு எதிராக ஏதாவது நடந்திருக்கிறது என்றால், அது இதைப் பெயர் சொல்லிப் பேசியவர்களால் நடந்தது. மாதர் அமைப்புகள் நுண்கடன் என்றார்கள், வசூல் கெடுபிடி என்றார்கள், இத்தனை மணிக்கு மேல் வீட்டுக்கு வரக் கூடாது என்றார்கள். 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடன் வசூலில் வன்முறையும் மிரட்டலும் கூடாது என்று தனிச் சட்டமே இயற்றியது. அது திண்ணை வரை வந்து சேர்ந்துவிட்டதா என்று இனி விடாமல் கேட்க வேண்டும். சிஸ்டமே மூளைச்சலவை என்று பேசிக்கொண்டிருந்தவர்களால் இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட வந்திருக்காது.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயமும் அப்படித்தான். கல்லூரியில் சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களையும் டிசியையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். பிள்ளை பாதியில் நிற்க நினைத்தால் மொத்தப் பணத்தையும் கட்டு, பிறகு தருகிறோம் என்பார்கள். ஜிம் ஜோன்ஸ் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்ததற்கும் இதற்கும் ஒற்றுமை இருக்கிறதே என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. ஆனால் கயானா காட்டில் அதைத் தட்டிக் கேட்க யாரும் இல்லை. இங்கே 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு, சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது என்று அறிவிக்கை போட்டது. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். படிப்பே ஒரு கல்ட் என்று நம்பிவிட்ட பிள்ளைக்கு அந்த அறிவிக்கை இருப்பதே தெரியாது.

போனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது நேரத்தைத் தின்கிறது, பொய்யைப் பரப்புகிறது, எல்லாம் உண்மை. வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண் உதவி எண் 181-ஐ அழைப்பதும் அதே போனில்தான்.

இந்தப் பேச்சில் எனக்கு ஆகாத இன்னொன்று உண்டு, அதுதான் முக்கியமானது. வெளியே இருப்பதெல்லாம் சிறை, உலகத்தார் எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்கள், விழித்தவர்கள் நாம் மட்டும்தான். இதை முதலில் சொன்னது யார்? உண்மையான கல்ட் ஒவ்வொன்றும் புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். ஏற்கெனவே எல்லாம் சிறை என்று நம்பி வருகிறவரை இன்னொரு சிறைக்குள் அழைத்துப் போவது சுலபம். அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. திருச்சி பாத்திமா நகரில் பிரேமானந்தா என்ற சாமியார் ஆசிரமம் வைத்திருந்தார். இலங்கையில் போரால் வீடிழந்து, பெற்றோரை இழந்து வந்த சிறுமிகள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு வெளி உலகம் என்று ஒன்றே கிடையாது. 1994-இல் ஒரு பெண் தப்பி வெளியே வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது. 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் 13 பெண்களை வன்புணர்ந்த குற்றத்துக்கும் ஆசிரமவாசி ஒருவரைக் கொன்ற குற்றத்துக்கும் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தப்பி ஓடிய பெண்ணுக்கு ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. செய்தி போடப் பத்திரிகை இருந்தது, வழக்கு நடத்த நீதிமன்றம் இருந்தது. வெளியேயும் உள்ளேயும் ஒன்றுதான் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல யாருக்காவது மனம் வருமா?

ஒரு பெரியவரைச் சுற்றி மக்கள் கூடினாலே கல்ட் என்று சொல்லிவிடுகிற அவசரமும் இந்தப் பேச்சோடு சேர்ந்து வருகிறது. அதற்கும் நம் மாவட்டத்தில் மறுப்பு இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நீங்கள் போய் வரிசையில் உட்காரலாம். பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள், வள்ளலாரை ஏற்கிறாயா என்று கேட்க மாட்டார்கள். இலையில் சோறு விழும், சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். அங்குள்ள சத்திய ஞான சபைக்குள் போகப் புலால் உண்ணாமை என்ற விதி உண்டு. சோற்றுக்கு அந்த விதி கிடையாது.

வள்ளலார் வாழ்ந்த காலத்திலேயே சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அவருடைய பாடல்களை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று எழுதினார். சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரு தரப்பும் பல பத்தாண்டுகள் அச்சில் அடித்துக்கொண்டார்கள். வள்ளலாரோ தம்மைச் சாமி என்று கொண்டாடுவதை விரும்பவில்லை. தாம் சொன்னதை ஊரார் வாங்கிக்கொள்ளவில்லை என்று வருந்தினார். வருந்தினாரே தவிர, வாங்கிக்கொள்ளாதவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அழுத்தமான நம்பிக்கையும் ஒழுக்கமும் கூட்டமும் இருந்தும் ஓர் இடம் திறந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

பள்ளிக்கூடமே மூளைச்சலவை என்பவர்களை சிதம்பரம் நந்தனார் பள்ளிக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். வயலைத் தவிர வேறெதையும் பார்க்க விடப்படாத பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பண்ணையின் பிடி தளர்ந்தது அந்தப் பெஞ்சில். கொஞ்ச தூரத்தில் அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராஜேந்திரனுக்குச் சிலை நிற்கிறது. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்த ஊர்வலத்தில் காவல்துறை சுட்டதில் இறந்தவர். அரசை எதிர்த்துச் செத்தவருக்குச் சிலை வைக்கப்பட்ட ஊர் இது. அதே பல்கலைக்கழகத்தில்தான் முருகேசனும் கண்ணகியும் படித்தார்கள்.

அதனால் இளைஞர்களிடம் நான் கேட்பது, கோபத்தை விடுங்கள் என்று அல்ல. கோபத்துக்கு முகவரி கொடுங்கள். ஒன்று சொல்கிறேன். சாதி மாறித் திருமணம் செய்ய விரும்புவோர் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி போய் ஒட்டப்படும். ஓடி வந்தவர்களின் பெயரையும் ஊரையும் தேடி வருகிறவர்களுக்குச் சட்டமே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பிரிவை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2018 மார்ச் 27 அன்று ஆணவக் கொலைகளைப் பற்றிய சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப்பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசியும் வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடலூர் மாவட்டத் தனிப்பிரிவின் எண் விருத்தாசலம் கல்லூரிச் சுவரில், சிதம்பரம் பேருந்து நிலையத்தில், ஒவ்வொரு பெண்கள் விடுதியின் வாசலில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.